கழுத்துக்குள்ளிருந்து ஒரு சீர்

காசிராஜனுக்கு அக்கா மகள்மேல் இருந்த பாசத்துக்கு அளவே கிடையாது என்று போடியில் எல்லாரும் சொல்வார்கள். அவர் மனைவி சந்திரவல்லியைக் கேட்டால் அளவு சொல்லியிருப்பாள். காதுகுத்துக்குக் கம்மல், சடங்குக்குப் பட்டும் கொலுசும், காலேஜ் சேர்ந்ததற்கு ஸ்கூட்டி, மேல்படிப்புக்கு லேப்டாப்பு. தாய்மாமன் சீர் என்றால் மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவள் மாமன் பெண்டாட்டி. அத்தை கை படாத தட்டு சீரே இல்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே அத்தனை தட்டையும் சுமந்தது சந்திரவல்லிதான். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்கள். இங்கே நெய்யும் அவள் வீட்டு நெய், கையும் அவள் கை. ருசி பார்த்தது மட்டும் சிலமலை.

சிலமலையில் இருந்தவள் காசிராஜனின் அக்கா அய்யம்மாள். புருஷன் போனபிறகு கொஞ்சம் நிலத்தையும் நிறைய வாயையும் வைத்துக்கொண்டு ஒரே மகள் ரோஜாவை வளர்த்தவள். ரோஜா படிப்பில் சுட்டி. மதுரையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சந்திரவல்லிக்கும் ஒரு மகன் உண்டு, இனியவன் என்று பெயர். சிங்கப்பூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் தலையைக் காட்டுவான். அப்பனும் மகனும் பேசுவது மழை, விலை, வைக்கட்டுமா என்ற மூன்று வார்த்தையோடு முடிந்துவிடும். ரோஜா கூப்பிட்டால் மட்டும் காசிராஜன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடப்பார். சந்திரவல்லி கெட்டவள் இல்லை. ஆனால் அந்தத் தெருமுனை நடையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். பசிக்குச் சோறு உண்டு, காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, இந்த எரிச்சலுக்கு எந்த மெடிக்கலில் போய் நிற்பது?

காசிராஜன் ஏலக்காய் வியாபாரி. போடிமெட்டு மலைக்கு மேலே சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. அன்றைக்கு ஏலத்தில் மாதிரிக் காயைத் தட்டில் கொட்டி அளைந்து பார்த்துவிட்டு, நல்ல சரக்குள்ள லாட்டு என்று தெரிந்து, கம்ப்யூட்டரில் விலையை ஏற்றப் பட்டனை அமுக்கப் போனார். வலது கை போகவில்லை. யார் வீட்டுக் கையோ என்பதுபோல மேசைமேல் கிடந்தது.

“என்னண்ணே, இந்த லாட்ட விட்டுட்டீக?” என்றார் பக்கத்து இருக்கை பால்பாண்டி.

பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. கொஞ்ச நேரத்தில் கையும் வந்தது, பேச்சும் வந்தது. “பித்தம்டா” என்று சொல்லிப் பார்த்தார். பால்பாண்டி கேட்கவில்லை. காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார். இடது கழுத்து ரத்தக்குழாயில் முக்கால்வாசி அடைப்பு, அடுத்த வாரமே கழுத்தைத் திறந்து வழித்தெடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு அய்யம்மாள் மகளோடு வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்தாள்.

“நான் எத்தன தடவ சொன்னேன், கறிக்கொழம்புல எண்ணெய மெதக்க விடாதே வல்லின்னு. கேட்டியா? இப்ப எந்தம்பி கழுத்துல வந்து நிக்கிது.”

சந்திரவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு காபி போடப் போனாள். அடுப்படியிலிருந்து பார்த்தால் கூடம் தெரியும். ரோஜா மாமன் பக்கத்தில் உட்கார்ந்து தன் போனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இதுதான் மாமா ரத்தக்குழாயோட சுவரு. நோவு வந்த ஒரு ஆளோடது. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்குல்ல? அங்கங்க பழுப்பா இருக்கு பாருங்க, அதுதான் நான் தேடுற புரதம். அது எங்க இருக்கோ அங்க மட்டும் சாயம் புடிக்கும்.”

“அப்ப பழுப்பு இருந்தா நோவா?”

“இருக்கிறது பெருசில்ல மாமா, எங்க இருக்குங்கிறதுதான். சுவத்தைக் கட்டிப்புடிச்சு நிறுத்துற புரதமும் இருக்கு. அதை அரிக்கிற புரதமும் இருக்கு. அரிக்கிறது அடைப்போட ஓரத்துல போயிச் சேந்துச்சுன்னா அந்த எடத்துலதான் கிழியும். அதனால எது எங்க உக்காந்திருக்குன்னு ஒவ்வொரு ஆளு குழாயா பாத்து வரைபடம் மாதிரி போட்டுக்கிட்டு இருக்கேன்.”

காசிராஜன் தொடையைத் தட்டினார். “அட, நம்ம மெட்டு ரோடு மாதிரின்னு சொல்லு! எம்புட்டு மண்ணு சரிஞ்சு கெடக்குன்னா பாக்குறோம்? எந்த வளைவுல கெடக்குன்னுதான பாக்குறோம்.”

“அதேதான் மாமா!”

இருவரும் சிரித்தார்கள். காபியோடு வந்த சந்திரவல்லி தானும் பேச்சில் சேர்ந்துகொள்ளப் பார்த்தாள். “அப்ப முட்டை, பருப்பு எல்லாத்தையும் இன்னையோட நிறுத்திர்றேன். புரதம்னா அதுலதான இருக்கு.”

“ஐயோ அத்தை, திங்கிற புரதம் நேராப் போயி சுவத்துல ஒட்டாது” என்றாள் ரோஜா. மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அய்யம்மாளும் சேர்ந்துகொண்டாள். ரோஜா கேலியாகச் சொல்லவில்லை என்பது சந்திரவல்லிக்கும் தெரியும். தெரிந்து என்ன, சுட்டது சுட்டதுதான்.

ரோஜா கொஞ்சம் தயங்கினாள். “மாமா, ஒண்ணு கேக்கவா? ஆபரேஷன்ல வழிச்சு எடுக்கிறத, சோதனைக்குக் கொஞ்சம் போக மிச்சத்தத் தூக்கித்தான் போடுவாங்க. எங்க ஆராய்ச்சிக்குக் குடுத்தா உபயோகமா இருக்கும். உங்க பேரு எதுலயும் வராது, நம்பருதான். இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்.”

“கேக்கணுமா தாயி? ஒனக்கு இல்லாததா?” காசிராஜனின் முகம் அந்த வாரத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. “இதுவும் மாமன் சீருதான! ஏ வல்லி, தட்ட எடுத்து வையி!”

கூடமே சிரித்தது. சந்திரவல்லி மட்டும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை வருஷமும் இந்த மனுஷன் வெளியே சம்பாதித்ததைத்தான் சிலமலைக்குப் பங்கு வைத்தார். போகட்டும், மனுஷன் நமக்குத்தான் என்று இருந்தாள். இப்போது மனுஷனுக்கு உள்ளேயிருந்தும் எடுத்துக் கொடுக்கப் போகிறாராம். அவள் முகத்தைப் புதைத்துத் தூங்கிய கழுத்து அது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? தட்டை எடுத்து வை என்கிறார்!

ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாளுக்கு முன்னாலேயே, காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த காசிராஜன் அப்படியே சரிந்தார். இந்தத் தடவை கையும் திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை. தேனி தாண்டி உசிலம்பட்டி தாண்டி ஆம்புலன்ஸ் பறந்தது. அவருடைய நல்ல கையைச் சந்திரவல்லி வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தாள். இப்போதே ஆபரேஷன், தாமதிக்க முடியாது என்றார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அய்யம்மாள் வந்து சேர்ந்தாள். கொஞ்ச நேரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் பக்கத்துப் பெஞ்சில் இருந்த பொம்பளைகளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“உள்ள இருக்கிறது எந்தம்பி. எம்மகளுக்குக் கழுத்தையே அறுத்துக் குடுக்கான், பாத்துக்கங்க. எந்த ஊருல எந்த மாமன் குடுப்பான்? இன்னைக்கும் அவனுக்கு அக்காவும் அக்கா மகளும்தான் உசுரு.”

அந்தப் பொம்பளைகளில் ஒருத்தி சந்திரவல்லியைக் காட்டி, “இவுக யாரு?” என்று கேட்டாள்.

“அவன் சம்சாரம்” என்றாள் அய்யம்மாள், பொட்டலத்தோடு வந்த நூலைச் சொல்வதுபோல.

சரியாக அந்த நேரத்தில்தான் ஒரு இளம் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சந்திரவல்லியைத் தனியாக அழைத்துப்போய்ப் பொறுமையாகக் கேட்டாள். “அம்மா, எடுக்கிற அடைப்ப ஆராய்ச்சிக்குக் குடுக்கிறதா அவர் முன்னாடி சொல்லியிருக்காராம். ஆனா எழுதி வாங்கல. இப்ப அவரால பேசவும் முடியல. நீங்கதான் சொல்லணும். குடுக்கலாமா?”

சந்திரவல்லி திரும்பிப் பார்த்தாள். அய்யம்மாள் இன்னும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

“சரிங்கம்மா. வைத்தியத்துல இதனால ஒரு மாத்தமும் இருக்காது. சொல்றது உங்க உரிமை.”

உங்க உரிமை! அந்த மனுஷன் விஷயத்தில் அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் சந்திரவல்லிக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பெஞ்சுக்குத் திரும்பி வந்து மதினி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பேசு ஆத்தா, நல்லாப் பேசு என்று நினைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காசிராஜன் கண்ணைத் திறந்தார். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, ஆனால் பேச்சு வந்துவிட்டது. தண்ணீர் கேட்பார், இல்லாவிட்டால் ‘வல்லி’ என்பார் என்று அவள் குனிந்து நின்றாள்.

“பாப்பாகிட்ட... குடுத்தாச்சா?” என்றார்.

அவ்வளவு நேரம் நெஞ்சில் இருந்த குளுமை ஒரே நொடியில் ஆவியாகிப் போனது. தையல் போட்ட கழுத்தோடு கிடக்கிற மனுஷனிடம் சண்டையா போட முடியும்? “எங்கிட்டதான் கேட்டாக. குடுத்தாச்சு” என்றாள். அவர் நிம்மதியாகத் திரும்பவும் தூங்கினார்.

ஒரு பொய்தானே, ஆறின தையல்போல மறைந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் கதை அது. காசிராஜன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் போடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் சட்டைக் காலரை விலக்கித் தழும்பைக் காட்டுவார். “இங்கருந்து எடுத்ததுதான். மதுரையில ஆராய்ச்சிக்கு இருக்கு. அடுத்தவன் கழுத்தாச்சும் தப்பிக்கும்ல.” ஏல மண்டபத்தில் பால்பாண்டிக்கு ரத்தக்குழாயின் அடுக்குகளைப் பற்றிப் பாடமே எடுத்தார். இருபது வருஷமாக யார் சொல்லியும் விடாத சிகரெட்டை விட்டார். “எங்குழாய வச்சு ஒரு பிள்ள படிச்சுக்கிட்டு இருக்கு. நான் மறுபடியும் பொகைய ஊதினா மரியாதையா இருக்குமா?” என்றார். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று மற்ற நோயாளிகளெல்லாம் பயந்து சாகிறபோது, இந்த மனுஷன் இந்த ஒரு பெருமையைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றார்.

சந்திரவல்லிக்குக் குளிர் கண்டது. உண்மை தெரிந்தால் என்ன ஆகும்? அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். ஒன்றும் பேசாமல் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவள் அந்த வீட்டில் சமைத்துப் போடுகிற ஒரு ஆள், அவ்வளவுதான். இத்தனை காலமும் தனக்கு இடம் பத்தவில்லை என்று குமைந்தவளுக்கு, இருக்கிற இடமும் போய்விடும்.

ஆகவே மாமனையும் மருமகளையும் சேரவிடாமல் பார்த்துக்கொண்டாள். ரோஜா கூப்பிட்டால், “மாமா தூங்குறாருத்தா” என்பாள். ரோஜாவும், “சரி அத்தை, எந்திரிச்சதும் சொல்லுங்க” என்று வைத்துவிடுவாள். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? சந்திரவல்லி ஒரு கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டாள். ரோஜாவுக்குத் தெரிந்தால் அய்யம்மாளுக்குத் தெரியும். அய்யம்மாளுக்குத் தெரிந்தால் சிலமலையில் போடுகிற கூச்சல் போடிமெட்டில் எதிரொலிக்கும். எதிரொலி வரவில்லை. ஆகவே தெரியாது.

மாசி மாசத்தில் ரோஜா டாக்டர் பட்டத்துக்குத் தன் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. காசிராஜன் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தார்.

“சீரு கொண்டுக்கிட்டுப் போவம். அப்படியே என் குழாயையும் ஒரு பார்வ பாத்துட்டு வந்துருவம். வெரசா கெளம்பு.”

“எனக்கு இடுப்பு நோவுது. நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்.”

“நீ தூக்காம தட்ட யாரு தூக்குவா?”

தனியாக அனுப்பினால் அங்கே என்ன பேச்சு வருமோ. கூடப் போனால் பேச்சையாவது மாற்றலாம். கிளம்பினாள். அய்யம்மாளுக்கு முழங்கால் வீக்கம், வரவில்லை. அந்தமட்டுக்கும் மாரியாத்தா கண் திறந்தாள். காலை பஸ்ஸில் பட்டுச்சேலையும் பழமும் மஞ்சளும் பூவும் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரை உட்கார்ந்திருந்தாள் சந்திரவல்லி. ஆராய்ச்சிக்கூடத்து வாட்ச்மேன் தட்டைப் பார்த்துவிட்டு, “கல்யாண மண்டபம் அடுத்த தெருங்க” என்றார்.

ரோஜா ஓடி வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். இருவர் காலிலும் விழுந்தாள். எழுந்தபோது அத்தை முகத்தை ஒரு நொடி பார்த்தாள். சந்திரவல்லி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

உள்ளே மேசைமேல் நுண்ணோக்கி இருந்தது. பக்கத்துப் பெட்டியில் ரத்தக்குழாய்ச் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் வரிசையாக நின்றன. காசிராஜன் சட்டையை நீவிக்கொண்டு, சாமி பார்க்கப் போகிறவர்போல நின்றார்.

“எது பாப்பா என்னோடது?”

ரோஜா பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள்.

“எல்லாம் நம்பருதான் மாமா. யாரு எதுன்னு எங்களுக்கே தெரியாது.”

“அது ஊருக்கு. நான் மாமன்ல? சும்மா காட்டுத்தா” என்றார் அவர். கேட்ட குரல் சின்னப் பிள்ளை குரல்போல இருந்தது.

ரோஜா பெட்டிக்குமேல் விரலை ஓட்டினாள். ஒரு கண்ணாடியை எடுத்தாள், பொருத்தினாள், திருகினாள். “இது மாமா” என்றாள்.

காசிராஜன் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் அசையவில்லை. “இந்தா, ஓரத்துல பழுப்பா... இங்கதான் கிழிஞ்சுச்சோ?” என்று கேட்டார். “அங்கதான் மாமா” என்றாள் ரோஜா. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க, “அந்த வாட்ச்மேன் தம்பிகிட்ட நாம யாருன்னு சொல்லணும், கல்யாண மண்டபம்னுட்டான்ல” என்று காலரை விலக்கிக்கொண்டே வெளியே போனார்.

அறையில் இருவர் மட்டும்.

“ஒனக்குத் தெரியுமா?” என்றாள் சந்திரவல்லி.

“அன்னைக்கு ஐஸ் பெட்டிய வச்சுக்கிட்டு ஆபரேஷன் தியேட்டரோட பின்வாசல்லதான் நின்னேன் அத்தை. வீட்டுல வேண்டாம்னுட்டாங்க, நீ போன்னு டாக்டரம்மா வந்து சொன்னாங்க.”

“ஒங்கம்மாகிட்ட...”

“சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அதக் கொண்டுபோயி எங்கம்மா வாயில போட்டா ஊரே மெல்லும்.”

திட்டியிருந்தால் சந்திரவல்லியிடம் பதில் தயாராக இருந்தது. கம்மலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பாள். இவள் திட்டவில்லை. பாசத்தை வாங்கிக்கொண்டாள், படிப்பை வாங்கிக்கொண்டாள், கடைசியில் நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று இருந்தது. அந்த நேரத்திலும் பொறாமைதான் வந்தது, நன்றி வரவில்லை.

“அப்ப இதுல இருக்கிறது யாரு?”

“பேரு தெரியாது அத்தை. இந்த ஆளும் மாமா மாதிரியே பேச்சில்லாமத்தான் வந்தாராம். அவரு வீட்டம்மாகிட்டதான் கேட்டாங்களாம். அவங்க சரின்னு சொல்லியிருக்காங்க. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காசிராஜன் வாட்ச்மேனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“இவதான் தம்பி நான் சொன்ன ஆளு” என்று சந்திரவல்லியைக் காட்டினார். “நான் பேச்சில்லாமக் கெடந்தேன். எல்லாரும் என்னையத்தான் பெரிய மனசுங்கிறாக. நான் என்ன செஞ்சேன், வாயால சொன்னதோட சரி. அந்த நேரத்துல, புருஷன் பொழைப்பானா மாட்டானான்னு தெரியாத நேரத்துல, குடுத்துருங்கன்னு சொன்னது இவ. எனக்கே அந்தத் தெகிரியம் வந்திருக்காது.”

வாட்ச்மேன் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். “பெரிய மனசும்மா உங்களுக்கு.”

அத்தனை வருஷம் சுமந்த அத்தனை தட்டுக்கும் அவர் நாலுபேர் முன்னால் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் அத்தனை எரிச்சலும் பட்டாள். இப்போது வார்த்தை வந்துவிட்டது, முழுசாக, வாய் நிறைய. யாரோ ஒருத்திக்குச் சேரவேண்டியது.

“நீயும் பாரு வல்லி. நல்லாப் பாரு” என்றார் காசிராஜன்.

அவள் குனிந்து கண்ணை வைத்தாள். இவளைப்போலவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் அந்தப் பொம்பளை. அவளுக்கும் ஒரு மதினி இருந்திருக்கலாம், அவளும் பக்கத்துப் பெஞ்சில் பேசியிருக்கலாம். அவளையும் அதே கேள்விதான் கேட்டார்கள். அவள் சரி என்றாள். ரோஜாமேல் பொறாமைப்பட ஆயிரம் காரணம் இருந்தது, அய்யம்மாள்மேல் அதற்கு மேலும் இருந்தது. பெயர் தெரியாத, முகம் தெரியாத அந்தப் பொம்பளைமேல் வந்த பொறாமை மட்டும் சந்திரவல்லிக்குத் தாங்க முடியவில்லை.

“தெரியுதா?” என்றார் அவர், முதுகில் கையை வைத்து.

“தெரியுதுங்க” என்றாள். கண் கலங்கி, உள்ளே எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தது. ஆனாலும் அவள் முகத்தைத் தூக்கவில்லை.